பச்சைக் கொம்பில் மரக்கரண்டி

(பண்ணை நிகழ்ச்சியில் நிகழ்த்திய வானொலி உரை)

வரப்போரத்துப் பூவரசைத் தழைக்காகக் கழிக்கிறோம். கொல்லைக் கொய்யாவைக் கவாத்து செய்கிறோம். தழை வயலுக்குப் போகிறது, கொம்பு அடுப்புக்குப் போகிறது. அந்தக் கொம்புகளில் நல்லதாக நாலைந்தைப் பொறுக்கித் தனியே வையுங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். களி கிண்டும் துடுப்பு, குழம்புக் கரண்டி, தோசை திருப்பி எல்லாம் அதிலே இருக்கிறது.

"மரச்சாமான் செய்ய மரம் நன்றாகக் காய வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கதவுக்கும் கட்டிலுக்கும் அது சரிதான். கரண்டிக்கு அப்படியில்லை. காய்ந்த பூவரசிலே உளியை வைத்தால் கை நோகும், உளி வாயும் மழுங்கும். அதே மரம் பச்சையாக இருக்கும்போது பூசணிக்காய் சீவுகிற மாதிரி சீவும். தச்சு வேலை பழகாதவர்கூட ஓர் அரைநாளில் ஒரு கரண்டிக்கு உருவம் கொண்டுவந்துவிடலாம். பட்டணத்துக்காரர் காசு கொடுத்தாலும் இன்று வெட்டிய பச்சைக் கொம்பு கடையிலே கிடைக்காது. மரம் வைத்திருக்கிற நம்மிடம் அது சும்மா கிடக்கிறது.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பூவரசு முதல்தரம். நம்மிடம் மட்டுமல்ல, ஹவாய்த் தீவுகளிலும் பழைய காலத்து மக்கள் இதே மரத்தில் உணவுக் கிண்ணங்கள் குடைந்தார்கள். சாப்பாட்டில் மரத்தின் வாடையோ ருசியோ ஏறாது என்பதுதான் காரணம். வெட்பாலை வெள்ளையாக, மென்மையாக இருக்கும். கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்தில் பொம்மை கடைவது அந்த மரத்தில்தான். கொய்யா, பலா, புளி இவையும் நன்றாக உழைக்கும். புளி மட்டும் கொஞ்சம் கடினம். வேம்பில் செய்தால் முதலில் சில நாள் கசப்புத் தட்டும்.

ஆகாத மரங்களும் உண்டு. இதைக் கவனமாகக் கேளுங்கள். அரளியில் வேர் முதல் பூ வரை விஷம். எட்டி மரத்தின் பட்டையிலும் கொட்டையிலும் விஷம் இருக்கிறது. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சேராங்கொட்டை மரம் தோலைப் புண்ணாக்கும். முந்திரியின் பட்டைப் பாலும் அப்படித்தான். பெயர் தெரியாத மரத்தில் சமையல் சாமான் செய்யவே வேண்டாம். கொம்பும் நம் சொந்த நிலத்து மரத்தில் கழித்ததாக இருக்கட்டும். சாலையோரப் புளியமரத்தில் அரிவாளை வைக்காதீர்கள்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். பச்சை மரத்தில் செய்த கரண்டி ஏன் வெடிக்கிறது?

பச்சைக் கட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர்தான். மரத்துக்கு மரம் இது மாறும். இந்தத் தண்ணீர் வெளியேறும்போது மரம் சுருங்குகிறது. நீளவாட்டில் சுருக்கம் அநேகமாக இல்லை. குறுக்குவாட்டில் உண்டு. அதிலும் நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, வளையத்தைச் சுற்றிய வாக்கில் சுருங்குகிறது. உருண்டைக் கொம்பை அப்படியே காயவிட்டால் என்ன ஆகும்? சுற்றளவு குறையப் பார்க்கும், நடுக்கட்டை விடாது. கடைசியில் பட்டையிலிருந்து நடு வரைக்கும் 'படீர்' என்று ஒரு வெடிப்பு விழும். ஆகவே கொம்பை இரண்டாகப் பிளந்து, நட்டநடுவில் பென்சில் தடிமனில் மெத்தென்று ஓடுகிற தண்டை அறவே செதுக்கி எறிந்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதி வெடிப்பு நின்றுபோகும்.

கொம்பு நான்கு அங்குலம் குறுக்களவு இருந்தால், பிளந்த இரண்டு பாதியிலும் ஒவ்வொரு கரண்டி எடுக்கலாம். ஓரடிக் கரண்டிக்குக் கொம்பைப் பதினான்கு அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் வெட்டுவாய் வழியாகத்தான் சீக்கிரம் ஓடும். வெடிப்பும் அங்கேதான் முதலில் விழும். அந்தக் கூடுதல் இரண்டு அங்குலம் அதற்காகத்தான். வெட்டிய அன்றோ மறுநாளோ வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. முடியாவிட்டால் ஈரச்சாக்கு சுற்றி நிழலில் போடுங்கள், அல்லது தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி வையுங்கள். மரத்தைக் குளத்தில் ஊறப்போடுவது நம் ஊர் வழக்கந்தானே! மரத்திலுள்ள மாவுச்சத்து கரைந்து போவதால் பின்னால் அவ்வளவு எளிதில் உளுத்தும் போகாது.

கட்டையை ரம்பத்தால் அறுக்காதீர்கள், பிளந்துகொள்ளுங்கள். கைக்கோடரியின் வாயை வெட்டுமுகத்தில் வைத்து, மேலே மரக்கொட்டாப்புளியால் தட்டினால் பிளந்துகொடுக்கும். ரம்பம் நாரை எங்கே வேண்டுமானாலும் அறுத்துவிடும். பிளப்பதோ நாரின் போக்கிலேயே போகும். நார் முழுசாக ஓடினால்தான் காம்பு முறியாது. கொஞ்சம் வளைந்த கொம்பு கிடைத்தால் விடாதீர்கள். வளைவோடு நாரும் வளைந்து ஓடுவதால் அதில் செய்த அகப்பை ரொம்ப நாள் உழைக்கும்.

பிளந்த முகத்தில் அடுப்புக்கரியால் கரண்டியின் உருவத்தை வரையுங்கள். முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டையைப் போட்டு, அதன்மேல் மரத்தை நிறுத்திக் கோடரியால் ஓரங்களைக் கழியுங்கள். மரத்தைப் பிடித்திருக்கும் கை, கோடரி விழுகிற இடத்துக்கு எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும். கை கீழே இறங்கினால் வேலையை நிறுத்திவிட்டு, மரத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஒரு கரண்டிக்காக விரலைப் பறிகொடுக்கலாமா? நாளைக்கு நாற்றுப் பறிக்க அந்தக் கை வேண்டுமே!

செதுக்குகிற திசையை ஒரே வார்த்தையில் நினைவு வைத்துக்கொள்ளலாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு! தண்ணீர் பாய்ச்சுகிற நமக்கு இது தெரியாததா? தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்குக் கத்தி போனால் வழவழவென்று சீவும். கழுத்துப் பள்ளத்தில் இரண்டு பக்கமிருந்தும் இறங்கி வர வேண்டும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறினால் நார் கிளம்பிச் சிலாம்பு பெயரும்.

குழியை எடுக்க நகவுளி வேண்டும். நாருக்குக் குறுக்கே சிறுகச் சிறுகக் குடையுங்கள். கரண்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உளியை அழுத்தவே கூடாது. உளி வழுக்கினால் நேரே கையில் இறங்கும். கட்டையில் நான்கு முளை அடித்து, அவற்றுக்கு நடுவில் கரண்டி நகராதபடி இருத்திக்கொண்டு குடையலாம். குழியின் சுவர் எல்லா இடத்திலும் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒரே சீராக இருக்கட்டும். ஓரிடம் தடிமன், ஓரிடம் மெல்லிசு என்றால் மெல்லிசு முந்திக் காயும், தடிமன் பிந்திக் காயும், நடுவிலே கீறல் விழும்.

அடுத்தது காய வைப்பது. அவசரப்பட்டு வெயிலில் போட்டாலும், அடுப்பு மேல் வைத்தாலும், மின்விசிறிக்கு அடியில் வைத்தாலும் பட்ட பாடெல்லாம் வீண்தான். செய்தித்தாளைச் சுற்றி வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். தாள் ஈரமானால் மாற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? சின்னத் தராசு இருந்தால் தினம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, பிறகு நாலு நாள் அப்படியே நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். ஒன்று இரண்டு வாரம் ஆகும். மழைக்காலமானால் இன்னும் கூடும்.

காய்ந்தபின் கூரான கத்தியால் ஒரு முறை லேசாகச் சீவி, உப்புத்தாள் போடுங்கள். பிறகு தண்ணீரில் நனைத்துக் காயவிட்டால் நார் முள்முள்ளாக எழும்பும். மறுபடி உப்புத்தாள் போட்டால் அப்புறம் எழும்பாது.

எண்ணெய் பூசுவதில் ஒரு விஷயம். தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் மரத்தின்மேல் உலர்வதில்லை. அன்றாடம் புழங்கும் கரண்டிக்கு அவற்றால் கெடுதி இல்லை. ஆனால் விற்பதற்காக அடுக்கி வைத்தால் நாளாவட்டத்தில் சிக்குவாடை வரும். ஆளிவிதை எண்ணெய் தானே இறுகி உலரும். சாப்பிடுவதற்கென்று விற்கிற எண்ணெயையே வாங்க வேண்டும். பெயின்ட் கடையில் விற்பதில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். சமையல் சாமானுக்கு அது ஆகாது, வார்னிஷும் ஆகாது. இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துப் போடுங்கள்.

"இதில் வருமானம் வருமா?" என்று கேட்கலாம். இப்போது பல வீடுகளில் கறை ஒட்டாத பூச்சு போட்ட பாத்திரங்கள் வந்துவிட்டன. மண்சட்டியும் திரும்ப வந்திருக்கிறது. இரண்டுக்கும் எவர்சில்வர் கரண்டி ஆகாது, கீறிவிடும். அதனால் மரக்கரண்டிக்குத் தேவை இருக்கிறது. ஆனாலும் முதல் பத்துக் கரண்டியை விற்காதீர்கள். வீட்டிலே போட்டு ஆறு மாதம் புழங்குங்கள். எது வெடித்தது, எது கையை உறுத்தியது என்று சமைக்கிறவரிடம் கேளுங்கள். அவர் குறை சொல்லாத கரண்டியைச் சந்தைக்குக் கொண்டுபோனால் போதும். மகளிர் குழுக்கள் சேர்ந்து செய்தால் கோடரியும் உளியும் பொதுவில் வாங்கிக்கொள்ளலாம்.

2011-இல் தானே புயலிலும் 2018-இல் கஜா புயலிலும் வேரோடு சாய்ந்த மரங்கள் எத்தனை! பிள்ளைபோல வளர்த்த பலாவையும் மாவையும் வந்த விலைக்கு விறகாகக் கொடுக்கும்படி ஆயிற்று. சாய்ந்த மரத்தை நிமிர்த்த நம்மால் ஆகாது. அதன் கிளையில் நாலு கரண்டியாவது செய்து வைத்தால், அந்த மரம் இன்னும் பல காலம் நம் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும்.

அடுத்த முறை கவாத்துக்கு அரிவாள் எடுக்கும்போது, பதினான்கு அங்குலம் நீளத்தில் ஒரே ஒரு கொம்பை எடுத்து வையுங்கள். காயவிடாமல் அன்றைக்கே பிளந்து, நடுத்தண்டை நீக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் கை பழகப் பழக வந்துவிடும்.