பழைய புடவை, புதிய போர்வை

முதன்முதலாக ஒரு போர்வை தைக்க ஆசையா? கடைக்கு ஓட வேண்டாம், பீரோவைத் திறங்கள். வங்காளத்துப் பெண்கள் காலங்காலமாகக் காந்தா எனும் அடுக்குத் தையல் போர்வைக்குத் துணி எடுத்தது வீட்டிலிருந்துதான்.

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, அடுக்குகள் நகராதபடி முதலில் நீளநீளமாகத் தையல் போட வேண்டும். பிறகு எல்லா அடுக்கிலும் ஊசி ஏறி இறங்க, சின்னச் சின்ன ஓட்டுத் தையல். அந்த நாளில் வண்ண நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள்.

புதுத்துணி சேர்ப்பதானால் முன்பே நனைத்துக் காயவையுங்கள். பருத்தி சுருங்கும், சாயமும் இறங்கும். மற்றபடி ஊசி, நூல், கத்தரிக்கோல் போதும். பாட்டியின் புடவை பேத்திக்குப் போர்வையாகட்டும், இன்றே தொடங்குங்கள்!