தட்டு வெறுமனே திரும்பக் கூடாது

(தீபாவளிக்கு முந்திய வாரம் பிள்ளை மடுவத்தில் நடந்த மாதர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



பலகாரம் சுடுவதற்கு நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. முறுக்கும் அதிரசமும் உங்கள் கைக்குப் பழகினவை. ஆனாலும் ஒரு விஷயம் மனசில் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சில வருஷத்துக்கு முந்தி, தீபாவளி அன்று காலையில் லயத்துப் பக்கம் போனேன். ஒரு காம்பரா மாத்திரம் சாத்திக் கிடந்தது. வெளியூர் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். உள்ளே பிள்ளைகள் சத்தம் கேட்டது. அந்த அம்மா பிறகு சொன்னாங்க: "ஐயா, பக்கத்து வீட்டுத் தட்டு வந்தா வெறுந்தட்டாவா திருப்பிக் குடுக்கிறது? அதான் கதவைச் சாத்தினேன்." மழையில் வேலைநாள் குறைந்து, வாங்கின முற்பணமும் கடைக்கடனுக்கே போயிருந்தது.

ஆகவே, இந்த முறை லயத்துக்கு லயம் சேர்ந்து செய்யுங்கள். ஒருத்தர் பயறு தரட்டும், ஒருத்தர் தேங்காய், ஒருத்தர் விறகு. ஒன்றும் இல்லாதவர் இடிக்க வரட்டும். கைப்பாடும் பங்குதான். பிரிக்கும்போது எல்லாருக்கும் சமமாகப் பிரியுங்கள்.

செலவு குறைந்த, எண்ணெய்ச் சட்டி வேண்டாத இரண்டு இனிப்பைச் சொல்கிறேன்.

பயற்றம் உருண்டை: பயறு 500 கிராமைச் சிவக்க வறுத்து, அரைத்து, சலிக்கவும். தேங்காய் ஒரு மூடியைத் துருவி, ஈரம் போக வறுக்கவும். சீனி 300 கிராம், தட்டின ஏலக்காய் 5, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, சூட்டோடு பிடிக்கவும். இரண்டு நாளைக்குள் தின்று முடிக்க வேணும்.

எள்ளுருண்டை: எள்ளு 250 கிராமை மணல் போக அரித்து, காயவைத்து, வறுக்கவும். வெடிக்கத் தொடங்கினதும் இறக்கி, ஆறினபின் சக்கரை 200 கிராம் போட்டு உரலில் இடியுங்கள். எள்ளின் எண்ணெயே கசிந்து உருண்டை பிடிக்க வரும். தண்ணி ஒரு சொட்டுக்கூட ஆகாது. ஈரமில்லாத டின்னில் ஒரு வாரம் இருக்கும்.

காரத்துக்குக் கடலை 500 கிராமை இரவே ஊறப்போட்டு, மறுநாள் உப்பிட்டு அவித்து, கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். கைப்பிள்ளைகளுக்கு முழுக் கடலை தரவேண்டாம், தொண்டையில் சிக்கும்.

இன்னொன்று. எள்ளிலும் பயறிலும் கடலையிலும் இரும்புச் சத்து இருக்கிறது. இரத்தம் குறைந்த நம் பெண்களுக்கு அது வேணும். ஆனால் தின்ற கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேருவது குறையும். நாம் பறிக்கிற கொழுந்துதான், இருந்தாலும் ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள்.

தீபாவளி அன்று நானும் லயத்துப் பக்கம் வருவேன். எல்லாக் காம்பராக் கதவும் திறந்திருந்தால் எனக்கு அதுவே போதும்.