ஆயில் என்ஜின் செம்புக் குழாயை வெட்டுவது எப்படி?

(பண்ணை வானொலியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

ஆயில் என்ஜின் வைத்து இறைப்பவர்களுக்கு இன்று ஒரு சின்ன விஷயம். பழைய என்ஜின்களில் டீசல் போகிற செம்புக் குழாய் நட்டுக்குப் பக்கத்தில் கீறல் விட்டு ஒழுகும். என்ஜின் அதிர அதிரச் செம்பு இறுகி, ஒருநாள் வெடித்துவிடுகிறது. புதுக் குழாய் வாங்கி நாமே வெட்டி மாட்டலாம். வெட்டுகிற விதத்தில்தான் சங்கதி இருக்கிறது.

நான் போய்வரும் ஒரு கிராமத்தில் மிளகாய் பூத்திருந்த சமயம். ஒரு விவசாயி தேய்ந்த ஆக்சா பிளேடால் குழாயை அறுத்து, உள்ளே சுத்தம் பண்ணாமல் பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் மாட்டிவிட்டார். செம்புத் தூள் நேராகப் பம்புக்குள் போயிற்று. டவுனுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து வர ஐந்து நாள். தண்ணீர் இல்லாமல் பூவெல்லாம் கொட்டிவிட்டது. பில்டருக்கு முன்னால் தூள் விழுந்தால் பில்டர் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் விழுந்தால் யார் பிடிப்பது?

இந்த வேலைக்கு ஏற்றது குழாய் வெட்டும் கட்டர். ஒரு பக்கம் சிறு வெட்டுச் சக்கரம், எதிரே இரண்டு உருளை. குழாயை நடுவில் வைத்து, சக்கரம் தொடும்வரை திருகி, கட்டரைச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கால் திருகுக்குமேல் இறுக்காதீர்கள். அவசரப்பட்டு இறுக்கினால் குழாய் நசுங்கும். இதில் தூள் விழாது. வெட்டும் நேராக இருக்கும்.

கட்டர் இல்லையா? ஆக்சா பிளேடே போதும். ஆனால் அங்குலத்துக்கு 32 பல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பல் அகலமாக இருந்தால் மெல்லிய குழாயில் சிக்கி இழுக்கும். பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். குழாயை நேரே வைஸில் இறுக்காமல், பள்ளம் வெட்டிய மரக்கட்டையில் வைத்து, மெதுவாக அறுங்கள்.

எதில் வெட்டினாலும் உள்விளிம்பில் பிசிறு நிற்கும். அது டீசல் வழியைக் குறுக்கும். குழாய் வாயைக் கீழே பார்த்துப் பிடித்து, பிசிறை வழித்தெடுங்கள். தூள் உள்ளே போகாமல் வெளியே விழும். பிறகு சுத்தமான டீசலை ஊற்றி அலசுங்கள்.

வாயை விரிக்குமுன் நட்டைக் குழாயில் கோத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு மறுபடி வெட்டுபவர்கள் அநேகம் பேர்! மாட்டியபின் பில்டரிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசலை விட்டு இறுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாய் இரும்பு. அதில் அழுத்தம் மிக அதிகம். அதன் இடத்தில் செம்பை ஒருபோதும் போடாதீர்கள். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

நாலு பேர் சேர்ந்து ஒரு கட்டர் வாங்கி வைத்தால் தெருவுக்கே உதவும். இறைப்பு நேரத்தில் ஒருநாள் மிச்சமானாலும் லாபம்தானே?