பேர் வெட்டினாலும் தாபரிப்புக் கட்டளை நிற்கும்



செக்ரோலில் பேர் வெட்டியதும் நம்மில் சிலர் முதலில் நிறுத்துவது, பிரிந்திருக்கும் மனைவிக்குக் கட்டும் தாபரிப்புக் காசைத்தான். "வேலையே இல்லை, எதைக் கட்டுறது?" நியாயமான கேள்விதான். ஆனால் வேலையோடு சேர்ந்து நீதவானின் கட்டளை போய்விடாது. நிலுவை மாதாமாதம் ஏறும். பிடியாணை வரும், மறியலும் உண்டு.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நிலைமை மாறியதைக் காட்டி, தொகையைக் குறைக்கும்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். நிலுவை சேருமுன் போகவேண்டும். கொழும்பில் கடையில் நின்று உழைப்பதை மட்டும் மறைக்காதீர்கள். எதிரே நிற்கும் தங்கச்சியும் நமது சங்கத்து அங்கத்தவர்தான். அவருடைய பிள்ளை கொப்பியில்லாமல் வகுப்புக்கு வருவதை நாங்கள் பார்க்கிறோம்.

பேர் வெட்டியது அநியாயமென்றால் தொழில் நியாயசபைக்குக் காலக்கெடுவுக்குள் மனுப்போட வேண்டும். அது வேறு வழக்கு. வேலைநீக்கக் கடிதம் இரண்டுக்கும் தேவை. லயத்துக் கூரையில் செருகி வைக்காமல் தலைவரிடம் கொண்டு வாருங்கள்.