மக்களை அளந்து மருத்துவம் அமைக



நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலத்தின் அளவு ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் பண்டுவத்தைத் தொடங்குதல் வேண்டும் என்பது திருக்குறளின் மருந்ததிகாரம் வகுத்த நெறி. ஓர் உடம்புக்குரிய இந்நெறி ஒரு நாட்டுக்கும் உரியதே. மக்கள் எத்துணையர், அவரை வருத்தும் நோய்கள் யாவை, காலம் எவ்வாறு மாறியுள்ளது என்று அளந்தறியாமல் எழுப்பும் மருத்துவமனை, நோயறியாமல் கொடுக்கும் மருந்தை ஒக்கும்.

முதலாவது, மக்களின் அளவு. சோசப் போர் என்பாரைத் தலைவராகக் கொண்டு 1943-இல் அமைந்த குழு, 1946-இல் இந்தியாவிற்கென ஒரு மருத்துவப் படிக்கட்டை வரைந்து காட்டியது. உடனடி ஏற்பாடாக 40,000 பேர்க்கு ஒரு தொடக்க நலநிலையம். நெடுநோக்கில் 10,000 முதல் 20,000 பேர்க்கு 75 படுக்கைகள். அதற்குமேல் 650 படுக்கைகள். மாவட்டத் தலைமையிடத்தில் 2,500 படுக்கைகள். அக்கனவு முழுதும் நனவாகவில்லை. ஆயினும் ஆளெண்ணி அமைக்கும் முறை நிலைபெற்றது. இன்றுள்ள அளவுகோலின்படி, சமவெளியில் 5,000 பேர்க்கு ஒரு துணை நிலையம், 30,000 பேர்க்கு ஒரு தொடக்க நிலையம், 1,20,000 பேர்க்கு ஒரு வட்டார மருத்துவமனை இருத்தல் வேண்டும். மலைப்பகுதிக்கோ இவை முறையே 3,000, 20,000, 80,000 எனக் குறையும்.

மலைக்கு ஏன் இக்குறைந்த எண்? மலைவாழ்நர்க்குச் செய்யும் சலுகையா அது? அன்று; தொலைவுக்குக் கொடுக்கும் மதிப்பு அது. பேறுநோவுடன் தூளியில் சுமந்து வரப்படும் பெண்ணுக்கு ஒரு கல் தொலைவு, சாலையோரத்தார்க்குப் பத்துக் கல் தொலைவாகும். யாவர்க்கும் ஒரே எண்ணைக் கொடுப்பது ஒப்புரவாகாது. யாவர்க்கும் ஒரே நேரத்தில் மருத்துவம் எட்டச் செய்வதே ஒப்புரவு.

இரண்டாவது, நோயின் அளவு. காய்ச்சலும் சிறுபுண்ணும் இயல்பான மகப்பேறும் ஊரருகிலேயே தீர வேண்டியவை. மாரடைப்பும் தலைக்காயமும் புற்றுநோயும் பெருமருத்துவமனையை வேண்டுபவை. கீழ்ப்படி தளர்ந்தால் யாவரும் மேற்படியில் முண்டியடிப்பர். காய்ச்சற்காரனும் நெஞ்சுவலிக்காரனும் ஒரே வரிசையில் நிற்பர். இருவர்க்கும் உரிய மருத்துவம் கிட்டாது. கீழ்ப்படியை வலுப்படுத்தியதன் பயனுக்குத் தமிழ்நாட்டு மகப்பேறே சான்று. செவிலியர் முறைவைத்து இரவும் பகலும் பணிபுரியும் தொடக்க நிலையங்கள் பெருகின. 2019-21-ஆம் ஆண்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இங்குப் பிறந்த குழந்தைகளுள் 99 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை மருத்துவ நிலையங்களிலேயே பிறந்தமை தெரிய வந்தது. இரவில் விழித்திருந்த செவிலியர்க்கு இப்புகழில் பெரும்பங்கு உண்டன்றோ?

மூன்றாவது, காலத்தின் அளவு. ஒருமுறை அளந்து அமைதியுறுவது பேதைமை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அறுபது அகவை கடந்தோர் இந்தியாவில் 8.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டிலோ 10.4 விழுக்காட்டினர். பிறப்பு குறைந்து முதுமை பெருகும் நாட்டில், தாய்க்கும் சேய்க்குமென வகுத்த பழைய ஏற்பாடு மட்டும் போதாது. நீரிழிவுக்கும் குருதியழுத்தத்திற்கும் மாதந்தோறும் மருந்து வேண்டும் முதியவர், கூலியை இழந்து பேருந்தேறி எத்துணை மாதம் வருவார்? இடையில் மருந்தை நிறுத்துவார். பின்னர்ப் பக்கவாதத்துடன் கொண்டு வரப்படுவார். இதனை உணர்ந்தே 2021 ஆகசுட்டில் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. நோயாளி மருந்தைத் தேடிச் செல்லும் வழக்கத்தை அது மாற்றி, மருந்தே நோயாளியின் வாயிலுக்குச் செல்ல வழிவகுத்தது.

வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்த சூலியன் தூடர் ஆர்ட்டு, 1971-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். நல்ல மருத்துவம், தேவை மிகுந்தவிடத்தில் அருகும். தேவை குறைந்தவிடத்தில் பெருகும். சந்தையின் கையில் விடவிட இவ்வேறுபாடு மிகும் என்பதே அது. நீர் பள்ளம் நோக்கித் தானே பாயும். மருத்துவமோ பணமேட்டை நோக்கிப் பாய்கிறது. அதனைப் பள்ளத்திற்குத் திருப்பும் வாய்க்காலே திட்டம்.

தாளில் எண் நிறைந்தும் மருத்துவரின் நாற்காலி வெறுமையாயிருப்பின், அவ்வாய்க்காலில் நீரில்லை என்க. ஆதலின், புதிய மருத்துவமனைக்குக் கால்கோள் நிகழும்போதெல்லாம் மாடிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காது, மூன்று வினாக்களை எழுப்புக: இஃது எத்துணை மக்கட்கு? கடைசி வீட்டிலிருந்து எத்துணை நாழிகைத் தொலைவு? நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறப்பார் யார்?

இம்மூன்றற்கும் விடை கூறவல்லதே மருத்துவமனை, கூறமாட்டாதது வெறுங்கட்டடம்.