மேற்படிப்புக்குக் கணினி காட்டும் வழி

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று பரிசு வாங்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இன்னும் ஐந்தாண்டில் எஸ்.பி.எம். எழுதிவிடுவார்கள். அதன் பிறகு என்ன? நம் தோட்டங்களில் இதற்குப் பதில் சொல்வது பெரும்பாலும் பக்கத்து வீட்டு அண்ணன்தான். "நான் படிச்சதையே நீயும் படி!"

இப்போது அந்த அண்ணனின் இடத்தில் கணினி வந்து உட்கார்ந்திருக்கிறது. இது நேற்று வந்த சங்கதியன்று. அமெரிக்காவில் 1960-களின் இறுதியிலேயே பள்ளி மாணவர்கள் கணினியின் முன் அமர்ந்து தொழில்களைப் பற்றிக் கேட்டறிந்தார்கள். ஜான் ஹாலண்ட் என்ற உளவியலறிஞர் 1959-இல் வெளியிட்ட கொள்கையே இன்றைய பல சோதனைகளுக்கு அடிப்படை. கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுதல், முன்னின்று நடத்துதல், கணக்குவழக்கை ஒழுங்காக வைத்தல் என விருப்பங்களை ஆறாகப் பிரித்தார் அவர். பிள்ளை கொடுக்கும் விடைகளைக் கூட்டி, எவை மேலோங்கி நிற்கின்றன என்று கணினி சொல்லும்.

கூட்டித்தான் சொல்லும். பிள்ளைக்கே தெரியாததை அது எப்படிக் கூட்டும்? "ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யப் பிடிக்குமா?" என்று கேட்டால், ஆய்வுக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளை "பிடிக்காது" என்றுதான் தட்டும். விருப்பமில்லாமல் அல்ல, பழக்கமில்லாமல். ஆகவே, முதலில் பிள்ளைக்கு நாலு தொழிலைக் காட்டுங்கள். மருத்துவமனைக்குப் போனால் டாக்டரை மட்டுமா பார்க்கிறோம்? இரத்தம் சோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்து கொடுப்பவர் எல்லாரும் படித்து வந்தவர்கள்தாம். "இவங்க என்ன படிச்சிருப்பாங்க?" என்று அங்கேயே பேச்சைத் தொடங்கலாமே!

இன்னொன்று. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு இணையத்தில் யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்கிறோம். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. தகுதிப் புள்ளியில் தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. ("பந்து ஆடினது போதும், வந்து படி" என்று அதட்டும் அப்பாமார்கள் அந்தப் பத்தையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.) இதையெல்லாம் எஸ்.பி.எம். முடிந்தபின் பார்த்தால் காலம் கடந்துவிடும். நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பாருங்கள். வேதியியலை விட்டுவிட்ட பிள்ளை பின்னாளில் மருத்துவம் கேட்டால், எந்தக் கணினியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். கணினி கொடுத்த தாளோடு தாயும் தகப்பனும் பிள்ளையுமாக அவரிடம் போங்கள். "எனக்கு மலாய் சரியா வராதே, டீச்சர்" என்று தயங்குகிறவர்கள் முதலில் நம் பள்ளிக்கே வாருங்கள். அந்தத் தாளைத் தமிழில் படித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.