மூக்கின் சாட்சியம்



இலக்கியத் தொடரொன்றில் சுங்கான் புகையிலையைப் பற்றிக் கதைக்கப் போகிறேன் என்றதும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "புகைக்கச் சொல்லிப் பேசமாட்டீர்கள்தானே?" என்று கேட்டார். மாட்டேன். சுங்கான் புகைத்தல் உதட்டுப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை 1964 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கை ஏற்றுக்கொண்டுவிட்டது. என் சொந்த வாயும் அதற்குச் சாட்சி சொல்லத் தயாராக இருந்த ஒரு காலம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். இன்று நான் பேச வந்தது புகைப்பதைப் பற்றியல்ல. சுவைத்துப் பார்த்து, "இது இன்னது" என்று சொல்லுகிற வேலையைப் பற்றி. சில ஆண்டுகள் அந்த வேலையைச் செய்து நான் கூலி வாங்கியிருக்கிறேன்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குச் சுங்கான் புதிதல்ல. சேர்லொக் ஹோம்ஸ் 140 வகைப் புகையிலைகளின் சாம்பலைப் பிரித்தறிந்து ஒரு நூலே எழுதியதாக ஆர்தர் கொனன் டொயில் கதைகளிற் சொல்கிறார். அந்தச் சாம்பல்களுள் நமது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் கருஞ்சாம்பலும் ஒன்று என்பதில் எனக்குச் சிறுவயதில் பெருமை. ஆனால் ஹோம்ஸ் சாம்பலை ஆராய்ந்த அளவுக்குப் புகையைச் சுவைத்தவராகத் தெரியவில்லை. முதல்நாள் சுங்கான்களில் எரியாமல் மிஞ்சிய அடிக்கசடுகளை உலர்த்திச் சேர்த்துவைத்து, மறுநாள் காலை உணவுக்கு முன் அவற்றையே புகைக்கிற மனிதர் அவர். துப்பறிவாளருக்கு அது போதும். சுவைஞருக்குப் போதாது.

கொனன் டொயிலின் நண்பர் ஜே. எம். பாரி வேறு வகை. 'பீற்றர் பான்' எழுதிய அதே பாரிதான். 1890 இல் 'மை லேடி நிக்கொற்றின்' என்ற நூலில் 'ஆர்க்கேடியா' என்றொரு கலவையை வானளாவப் புகழ்ந்தார். கரேராஸ் நிறுவனத்தின் கிறேவன் கலவையையே அவர் அப்படிக் குறிப்பிட்டார் என்பது பின்னர் வெளிப்பட, நிறுவனமும் அதை விளம்பரத்துக்கு வடிவாகப் பயன்படுத்திக்கொண்டது. 1893 இல் வெளிவந்த ஒரு ஹோம்ஸ் கதையில், வொட்சனுடைய மேலங்கியில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்தே அவர் இன்னும் ஆர்க்கேடியாதான் புகைக்கிறார் என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். நண்பருடைய நூலுக்கு நண்பர் செய்த மரியாதை. பாரியின் நூலை நான் விரும்பிப் படித்தவன். ஆனால் அதில் புகழ்ச்சி நிறைய இருக்கிறதேயன்றி, அந்தப் புகை நாக்கில் என்ன செய்தது என்று சொல்லும் வார்த்தை குறைவு. நம் பத்திரிகைகளில் வரும் நூல் மதிப்புரைகள் சிலவற்றைப் படிக்கும்போது எனக்குப் பாரியின் நினைவு வரும்.

1972 இல் கணக்கியல் படிக்க நான் லண்டன் போனேன். மாலை வேளைகளிலும் சனிக்கிழமைகளிலும் ஒரு சிறிய புகையிலைக் கடையில் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்தது. பெரிய பெயர் பெற்ற கடை அல்ல. பெரிய பெயர் என்றால் டன்ஹில். 1907 இல் டியூக் வீதியில் கடை திறந்த அல்பிரட் டன்ஹில், வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் விருப்பத்துக்கும் ஏற்ப இலைகளைக் கலந்து, கலவையின் அளவை ஒரு பேரேட்டில் எண்ணிட்டுப் பதிந்து வைத்தார். 965 என்பது அப்படி வந்த ஓர் எண்தான். எங்கள் முதலாளியிடமும் ஒரு கொப்பி இருந்தது. அதில் எழுபது எண்பது பெயர்கள் இருந்திருக்கும்.

'ஆங்கிலக் கலவை' என்று உலகம் சொல்லும் பொருளில் ஆங்கில மண்ணில் விளைந்த இலை எதுவுமில்லை. அடிப்படை வேர்ஜீனியா: சூடேற்றிய அறைகளில் பதப்படுத்தப்பட்ட, சர்க்கரை மிகுந்த மஞ்சள் இலை. அடுத்தது கீழைத்தேய இலை: துருக்கியிலும் கிரேக்கத்திலும் வெயிலில் உலர்த்தும் சிற்றிலை. மூன்றாவது லற்றாக்கியா. சிரியாவின் துறைமுக நகரொன்றின் பெயரே அதற்கு வந்தது. உலர்ந்த இலையைக் கொட்டிலில் தொங்கவிட்டு, மணமுள்ள விறகுகளை எரித்து, இலை கன்னங்கரேலென்று ஆகும்வரை புகையூட்டுவார்கள். சில கலவைகளில் பெறிக் என்ற இலையும் சிறிது சேரும். அமெரிக்காவின் லூசியானாவில் பீப்பாய்களில் அழுத்திப் புளிக்கவைப்பது, மிளகுபோல் உறைக்கும். வாசனைச் சரக்குகளையும் இனிப்புகளையும் புகையிலையிற் சேர்ப்பதைப் பிரித்தானியச் சட்டம் நீண்டகாலம் கடுமையாகக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. எனவே ஓர் இலையின் குறையை இன்னோர் இலையைக்கொண்டுதான் திருத்த முடிந்தது. ஆங்கிலேயர் செய்ததெல்லாம் அந்தத் திருத்தம்தான். அது சிறிய காரியமல்ல.

கடைக்குப் போன இரண்டாம் வாரம், பின்னறையில் ஒரு மரப்பெட்டியைத் திறந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுப் புகையிலைக் கொட்டில் மணந்தது. ஐயா யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டக்காரர். பொச்சுமட்டையும் ஊமலும் போட்டு எரித்து இலைக்குப் புகை காட்டுவார். பெட்டியில் இருந்தது அதே மணமல்ல. அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். நான் இதைச் சொன்னபோது முதலாளி, "அதில் என்ன விறகு மணக்கிறது?" என்று கேட்டார். "விறகு தெரியாது, பிசின் வடியும் மரம் ஒன்று" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். அன்றிரவு கடையைப் பூட்டியபின்தான் சொன்னார்: இரண்டு வருடங்களுக்கு முன் வந்த ஒரு கடுஞ்சளிக் காய்ச்சலோடு அவருக்கு மணமே தெரியாமற் போய்விட்டது. பழக்கத்தாலும் கைப்பக்குவத்தாலும் கலந்துகொண்டிருந்தார். வாடிக்கையாளர் எவருக்கும் தெரியாது. "நீர் எனக்கு மூக்காக இரும்" என்றார்.

நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு என்று ஒரு சில சுவைகளைத்தான். சுவை என்று நாம் சொல்வதில் மிகப்பெரும் பகுதி மூக்கின் வேலை. சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் வைத்து, சிறிதளவை மூக்குவழி வெளிவிட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கணத்திற்றான் இலைகள் தனித்தனியே தெரியும். அவர் என்னைப் பழக்கிய விதத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. பேணி திறந்தவுடன் வரும் மணத்தை நம்பாதே. அது அடைபட்டுக் கிடந்த புளிப்பு, அரை மணித்தியாலம் ஆறவிடு. விரலால் கிள்ளி அழுத்து. கட்டியாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது. லற்றாக்கியா ஊறிய சுங்கானில் வேர்ஜீனியாவைச் சோதிக்காதே. பழைய புகை உள்ளே பேயாக இருக்கும். முதல் நிரப்பு குழந்தையின் கையால், இரண்டாவது பெண்ணின் கையால், மூன்றாவது ஆணின் கையால் என்பது சுங்கான்காரர்களின் பழமொழி. வேகமாக இழுத்தால் வேர்ஜீனியா நாக்கைக் கடிக்கும். அது இலையின் குற்றமா இழுத்தவரின் குற்றமா என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்லாதே. முதல் மூன்றிலொரு பங்கில் லற்றாக்கியா உரத்துப் பேசும். நடுவிற்றான் வேர்ஜீனியாவின் இனிப்பு தெரியும். கடைசிப் பங்கு கைத்து ஈரமானால் கலவையில் ஏதோ பிழை.

கீழைத்தேய இலையை மட்டும் எனக்குப் பிடிபடவேயில்லை. அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், அந்த இலையை நீக்கிவிட்டு அதே கலவையைச் செய்து தந்தார். புகை தட்டையாகிவிட்டது, இனிப்பு ஒரு பக்கம், கரி ஒரு பக்கம், நடுவில் ஒன்றுமில்லை. அன்றைக்கு விளங்கியது.

ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் அட்டையில் எழுத வேண்டும். 'நல்லது', 'அருமை' என்று எழுதினால் கிழித்துப் போடுவார். எது போல இருக்கிறது என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எனக்குச் சொல் வராது. தமிழில் எழுதி, பிறகு அவருக்கு விளக்குவேன். சிரிய லற்றாக்கியாவுக்கு நான் எழுதியது: 'சாம்பிராணி அணைந்த தட்டு, ஓரத்தில் புளித்த திராட்சை.'

1974 இல் எங்கள் கடைக்குச் சிரிய இலை வருவது நின்றுபோயிற்று. விறகுக்காகக் காடு அழிவதால் அங்கே தடை என்று வியாபாரிகள் சொன்னார்கள். அதன் இடத்தில் சைப்பிரஸ் தீவிலிருந்து லற்றாக்கியா வந்தது. முதலாளி பழைய அளவிலேயே கலந்தார்: ஒரு இறாத்தலுக்கு ஏழு அவுன்ஸ் வேர்ஜீனியா, நான்கு அவுன்ஸ் கீழைத்தேய இலை, ஐந்து அவுன்ஸ் லற்றாக்கியா. என்னிடம் தந்துவிட்டு, "அதேதானா?" என்று கேட்டார்.

அதே அல்ல. முதல் இழுப்பிலேயே தெரிந்தது. புதுச் செருப்பும் பனங்கட்டியும் போல ஒரு கனத்த இனிப்பு. சாம்பிராணி இல்லை, திராட்சை இல்லை. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்தக் கலவை அவருடைய தகப்பனார் காலத்தது. அந்த மாதம் கடையில் வியாபாரமும் குறைவு. ஆள் குறைப்பார்களோ என்ற பயமும் எனக்கு இருந்தது. பாதி இரக்கம், பாதி சுயநலம். "அதேதான் ஐயா" என்றேன். அட்டையில் பழைய வார்த்தைகளையே பார்த்து எழுதினேன்.

ஆறு வாரம் விற்றது. பிறகு ஒரு சனிக்கிழமை, இளைப்பாறிய பள்ளி ஆசிரியர் ஒருவர், இருபத்தைந்து வருட வாடிக்கையாளர், பேணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. "இது மோசமானது என்று நான் சொல்லவில்லை. இது வேறு. அதை நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கலாம்" என்றார். முதலாளியின் காது சிவந்தது. தமக்கு மணம் தெரியாது என்பதை அவரால் சொல்ல முடியாது. எனவே மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் போனபின் நான் உள்ளதைச் சொன்னேன். ஏச்சு வரும் என்று நின்றேன். அவர் வெகுநேரம் சுங்கானைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. எனக்குப் பிடித்ததைச் சொல்ல ஆள் வேண்டியதில்லை" என்றார். அதற்குப் பிறகு மூன்று வாரம் இருவரும் இரவில் இருந்து கலந்தோம். சைப்பிரஸ் இலையை ஓர் அவுன்ஸ் குறைத்து, கீழைத்தேய இலையைக் கூட்டினோம். இனிப்பு கொஞ்சம் அடங்கியது. நல்ல கலவை, இன்றைக்கும் சொல்வேன், தன்னளவில் மிக நல்ல கலவை. பழையது அல்ல. பேணியில் பழைய பெயருக்குக் கீழே 'சைப்பிரஸ் இலையில்' என்று அச்சடிக்கச் சொன்னார். சில பேர் வாங்குவதை விட்டார்கள். பள்ளி ஆசிரியர் விடவில்லை.

1976 இல் நான் ஊர் திரும்பினேன். சுங்கான் கூடவே வந்தது. 1991 இல் பல் வைத்தியர் ஒருவர் என் நாக்கின் ஓரத்தில் வெள்ளைப் படலம் ஒன்றைக் கண்டு, கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். சிறு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். முடிவு வரும் வரையிலான பதினொரு நாட்களில் நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. புற்றுநோய் இல்லை என்று வந்தது. அன்றோடு விட்டேன். சாம்பிராணியும் திராட்சையும் என்று நான் எழுதிய அட்டைகளிலெல்லாம் இந்த ஒரு விடயம் எழுதப்படவில்லை என்பதையும் நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். புகையை நேசித்து எழுதியவர்கள் எவரும் இதை எழுதவில்லை. அவர்களோடு நானும் ஒருவன்.

போன வருடம் லண்டனிலிருந்து வந்த பேரன் ஒரு பேணி கொண்டுவந்தான். வயது முப்பது, புகைப்பதில்லை. நான் சொன்ன கதைகளை நினைத்து வாங்கியிருக்கிறான். 965 தான். டன்ஹில் கலவைகளின் தயாரிப்பு 1981 இல் பெல்பாஸ்ற் நகருக்கும் பின்னர் டென்மார்க்கிற்கும் மாறி, கடைசியில் பழைய பெயரே போய், இப்போது மூடியில் பீற்றர்சன் என்று இருந்தது. எண் மட்டும் அதே எண்.

"அம்மப்பா, நீங்கள் அந்த நாளில் மணந்த அதே சாமான்தானா? மணந்துபார்த்துச் சொல்லுங்கோ" என்றான். ஐயாயிரம் மைல் கொண்டுவந்த பிள்ளை. மூடியைத் திறந்து, அரை மணித்தியாலம் ஆறவிட்டேன். பிறகு முகத்தருகே கொண்டுபோனேன். தூரத்தில் யாரோ விறகு எரிப்பதுபோல ஏதோ இருந்தது. அவ்வளவுதான். எனக்கும் எழுபத்தாறு வயது.

"எனக்குத் தெரியவில்லை தம்பி" என்று சொல்லிப் பேணியை அவனிடமே நீட்டினேன். "நீ மணந்து பார். எதைப்போல இருக்கிறது என்று சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மணந்தான். "மழையில் நனைந்த தோல் சப்பாத்து" என்றான்.

ஒரு துண்டுக் கடதாசி எடுத்து அதை எழுதிவைத்தேன்.